கணினி கேள்வி – பதில்: இரண்டு கடை, ஒரே இருப்புக் கணக்கு

கேள்வி: கடலூரிலும் புதுச்சேரியிலும் பம்ப்செட் உதிரிபாகக் கடை நடத்துகிறோம். இருப்பும் பில்லும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்பில் உள்ளன. கூகுள் டிரைவில் வைத்தோம்; கோப்பு இரண்டாகிவிட்டது. இரு கடைக் கணினிகளையும் இணையம் வழியே தனிப் பாதையில் இணைக்கும் விபிஎன் போட்டோம், ஒரு பில் திறப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுகிறார், கோப்பும் கெடுகிறது. என்ன வழி?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: டிரைவிலிருந்து அந்தக் கோப்பை இன்றே எடுத்துவிடுங்கள். கோப்புக்குள் எந்த வரியை யார் திருத்தினார் என்பது டிரைவுக்குத் தெரியாது. இரு கடையிலும் ஒரே நேரத்தில் பில் போட்டால் ஒருவர் போட்டது தனிப் பிரதியாக ஒதுங்கிவிடும்.

விபிஎன் சங்கதி வேறு. அக்சஸில் தேடும் வேலையைச் செய்வது உங்கள் எதிரில் இருக்கும் கணினி. அதற்காகக் கோப்பின் 4 கேபி பக்கங்கள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும். எழுதுகிற நேரத்தில் நெட் ஒரு நொடி அறுந்தாலும் கோப்பு கெடலாம். அதிவேக இணைப்பு வாங்குவது வீண் செலவு.

டேபிள்களை (தரவு இருக்கும் அட்டவணைகளை) மட்டும் கடலூர் கணினியில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்ட் தரவுத்தள சர்வருக்கு மாற்றுங்கள். அது இலவசம், 2022 பதிப்பு 10 ஜிபி வரையும் 2025 பதிப்பு 50 ஜிபி வரையும் தாங்கும், அக்சஸுக்கு 2 ஜிபிதான். மாற்றித்தரும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட்டும் இலவசம். பழைய ஃபார்ம்கள் (பில் போடும் திரைகள்) அக்சஸிலேயே அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு கணினியிலும் அந்த ஃபார்ம் கோப்பின் தனிப் பிரதி வைத்து, ஓடிபிசி என்ற இணைப்பு வசதி வழியாக சர்வரோடு இணையுங்கள். இனி தேடுவது சர்வர். புதுச்சேரிக்கு விடை மட்டும் வரும்.

இடறும் இடங்கள் சில. மற்ற கணினிகள் சர்வரை அணுகும் நெட்வொர்க் வழியான டிசிபி/ஐபி, எக்ஸ்பிரஸில் அணைந்தே வரும். எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, போர்ட் (இணைப்பு வாசல்) எண் 1433 கொடுங்கள். அந்த போர்ட்டை ரூட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள், விபிஎன் வழியாக மட்டுமே. இரு கடை ரூட்டரும் 192.168.1 என்ற ஒரே ஐபி முகவரி வரிசையில் இருந்தால் விபிஎன் குழம்பும், ஒன்றை 192.168.20 ஆக்குங்கள். பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் எண்) இல்லாத டேபிளைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. ஆம்/இல்லை கட்டங்கள் காலியாக இருந்தால் ‘வேறொருவர் திருத்திவிட்டார்’ என்று பொய்ப் புகார் வரும். இயல்பு மதிப்பாக 0 வையுங்கள், ஏற்கெனவே காலியானவற்றிலும் 0 நிரப்புங்கள். ஃபார்ம் திறந்ததும் மொத்த டேபிளையும் இழுக்காமல், கேட்ட பில்லை மட்டும் எடுக்கும்படி மாற்றுங்கள். எக்ஸ்பிரஸில் தானியங்கி பேக்கப் வசதி கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவுக்கு ஒரு பேக்கப் ஓடும்படி போடுங்கள்.

கேள்வி: பில் எண்ணை இரு கடைக்கும் ஒரே வரிசையாக ஓட்டலாமா?

பதில்: கூடாது. தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33, புதுச்சேரிக்கு 34. பதிவு எண்ணே வேறு, பில் வரிசையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். கிளைக்கு இரண்டு எழுத்து, நிதியாண்டு, ஐந்து இலக்க எண் என்று வைத்தால் பில் எண்ணுக்கான ஜிஎஸ்டி விதியின் 16 எழுத்து வரம்புக்குள் அடங்கும். சர்வர் வரிக்கு வரி தானாகத் தரும் ஐடென்டிட்டி எண்ணை பில் எண்ணாக்காதீர்கள்: சர்வர் திடீரென நின்று கிளம்பினால் அது 1000 தாண்டிக் குதிக்கும், ஆடிட்டர் கேட்பார். கடலூரிலிருந்து புதுச்சேரி கடைக்குச் சரக்கு அனுப்பினாலும் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) பில் உண்டு. அதையும் மென்பொருளில் தனி வகையாகச் சேருங்கள்.

கேள்வி: புயல் நேரத்தில் நெட் போனால்?

பதில்: 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி நாட்களில் கரண்ட்டே இருக்காது. சர்வருக்கும் ரூட்டருக்கும் யூபிஎஸ், மாற்றாக ஒரு 4ஜி சிம். அதுவும் படுத்தால் தனி வரிசை எண்ணில் கைப் பில் புத்தகம். நெட் வந்ததும் ஏற்றுங்கள். இரு பக்கமும் எழுதிப் பிறகு ஒன்றிணைக்கும் ரெப்ளிகேஷன் பக்கம் இந்த அளவு கடை போக வேண்டாம்.