டாட் காம் முகவரியை அரசு பறித்தால்?

கேள்வி: எங்கள் தளம் டாட் காம் முகவரியில் இருக்கிறது, சர்வர் அமெரிக்காவில் இல்லை. அமெரிக்க அரசு அதை முடக்க முடியுமா? முன்கூட்டி நோட்டீஸ் வருமா?

பதில்: முடியும். நோட்டீஸ் பிறகுதான் வரும். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வர்ஜீனியாவிலுள்ள வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. அரசுத் தரப்பை மட்டும் கேட்டு நீதிபதி வாரன்ட் கொடுத்ததும், பெயரை உங்கள் சர்வருக்கு வழிகாட்டும் நேம்சர்வரை மாற்றிவிடுவார்கள். சர்வர் அப்படியே இருந்தாலும், அந்தப் பெயரிலுள்ள மின்னஞ்சல்கூட நின்றுவிடும். எனவே நோட்டீஸ் உங்களுக்கு வந்துசேர, டொமைன் பதிவு விவரத்தில் வேறு டொமைனின் மின்னஞ்சலைக் கொடுத்து வையுங்கள்.

சிவில் பறிமுதலில் (யாரையும் குற்றவாளியாக்காமல் சொத்தை மட்டும் பறிப்பதில்) பொதுவாக 60 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் குறித்த கெடுவுக்குள், பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு உரிமைக்கோரிக்கை தாக்கல் செய்யுங்கள். பலர் இரக்கம் காட்டச் சொல்லும் மனுவை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். அதை முடிவு செய்வது அரசுத் தரப்பே. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது. உரிமைக்கோரிக்கை வந்தால்தான் 90 நாளுக்குள் அரசு வழக்குத் தொடுக்க வேண்டும், இல்லையேல் திருப்பித் தர வேண்டும்.

ஓட்டை இருப்பது அந்த 90 நாளில்தான். நீதிமன்றம் அதை நீட்டிக்கலாம். டஜாஸ் ஒன் என்ற ராப் இசைத் தளத்தை 2010 நவம்பரில் பறித்தார்கள். கெடு நீட்டிப்பு உத்தரவுகள் ரகசியமாக முத்திரையிட்டு மூடப்பட்டிருந்ததால், எதிர்த்து வாதாட அதன் வழக்கறிஞருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. வழக்கே போடாமல் 2011 டிசம்பரில் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓராண்டு முடக்கம் வெறும் தாமதமல்ல, விசாரணையில்லாத தண்டனை.