மார்கழி வந்தா தோல் ஏன் இப்படி இழுக்குது? – சேலம், ஏற்காடு வாசகர்களோட கேள்விகளுக்கு தோல் டாக்டர் பதில்

"தினமும் தேங்காண்ணெய் தேய்ச்சுதான் குளிக்கறேன், அப்பவும் கால் எல்லாம் வெள்ளை பூத்துப் போய் இழுக்குது. எந்த சோப்பு நல்லது டாக்டர்?" – ஃபேர்லேண்ட்ஸ் வாசகி

சோப்பு கிடக்கட்டும்ங்க, மொதல்ல தண்ணி எவ்ளோ சூட்டுல ஊத்தறீங்கன்னு சொல்லுங்க. நம்ம தோலோட மேல் அடுக்குல செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம்னு சேர்ந்து ஒரு பூச்சு இருக்கு, உள்ள இருக்கற ஈரத்தை வெளிய போக விடாம புடிச்சு வைக்கறது அதுதான். ஆவி பறக்கற தண்ணியும் சோப்பும் சேர்ந்து தினம் அதை வழிச்சு எடுத்துடுது. தோலோட பிஎச், அதாவது அமில-கார அளவு, 5 கிட்ட இருக்கும், சாதா சோப்பு 9, 10ன்னு நிக்கும், அப்ப ஒத்துக்குமா சொல்லுங்க. நீங்க எண்ணெயை முன்னாடி தேய்ச்சுட்டு அப்புறம் சோப்பு போட்டு கழுவறீங்க, போட்ட எண்ணெயும் போச்சு, ஏற்கனவே இருந்ததும் போச்சு.

வரிசையை மாத்துங்க. வெதுவெதுப்பான தண்ணி, பத்து நிமிஷத்துக்குள்ள குளியல், சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இங்க மட்டும் போதும், வெயில்ல வேலை பாக்காதவங்களுக்கு முழங்கைக்கும் முழங்காலுக்கும் தினம் சோப்பு எதுக்கு? துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள, அதாவது மூணு நிமிஷத்துக்குள்ள அதே தேங்காண்ணெயை மெல்லிசா தடவுங்க. க்ரீம்தான் வேணும்னா லேபிள்ல கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம் (அதாவது வாசலின்) இதுல ஏதாவது இருக்கான்னு பாருங்க, வாசனை இல்லாததா வாங்குங்க, விலைக்கும் குணத்துக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. முகப்பரு வர்ற முகத்துக்கு மட்டும் தேங்காண்ணெய் வேண்டாம். ஆலிவ் ஆயில் நல்லதுன்னு யாரோ சொன்னாங்கன்னும் எழுதியிருக்கீங்க, அதுல ஓலிக் அமிலம் ஜாஸ்தி, அந்தப் பூச்சையே கெடுக்கும், அது சமையலோட நிக்கட்டும்.

"ஏற்காட்ல எப்பவும் பனிமூட்டம், துணி கூட காயறதில்ல. இவ்ளோ ஈரத்துல எப்படி தோல் வறளும்? கன்னம் வேற கருக்குது." – காபி எஸ்டேட்ல வேலை பாக்கறவர்

நல்ல கேள்வி. குளிர்ந்த காத்தால நீராவியை கொஞ்சமாத்தான் புடிச்சு வைக்க முடியும். அந்தக் காத்து வீட்டுக்குள்ள வந்து அடுப்புலயோ ஹீட்டர்லயோ சூடானதும் இன்னும் ஈரத்துக்கு ஏங்கும், கிடைக்கற இடம் உங்க தோல்தான். குளிர்ல எண்ணெய்ச் சுரப்பும் வேர்வையும் கம்மி. அது போக பனிமூட்டம் எல்லாம் மழை ஓயற வரைக்கும்தான், பொங்கலுக்கு அப்புறம் மலை மேலயும் கீழ சேலத்துலயும் காத்து நல்லா காஞ்சுடும், அதனால தை பொறந்துடுச்சுன்னு க்ரீமை நிறுத்திடாதீங்க.

கன்னம் கருக்கறது வெயில். குளிருதேன்னு வெயில்ல நின்னு காயறோம் இல்லையா, அங்கதான் மாட்டிக்கறோம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினா புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர். காலையில மாய்ஸ்சரைசர், அது மேல எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன், பழம் பறிக்கப் போறப்ப தொப்பியோ தலைத்துண்டோ. மெடிக்கல்ல கேட்டு வாங்கற வெளுக்கற க்ரீம் மட்டும் வேண்டவே வேண்டாம், நிறையதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், தோல் மெலிஞ்சு போயிடும்.

"ஆறு மாசக் குழந்தைக்கு மாமியார் பயத்தமாவு போட்டு தேய்க்கறாங்க, உடம்பெல்லாம் சொரசொரன்னு இருக்கு." – அம்மாபேட்டை

மாமியார் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு, எண்ணெய் தேய்க்கறது நல்லதுதான். மாவுதான் வேண்டாம், பச்சைக் குழந்தை தோலு உரசலைத் தாங்காது. காது மூக்குல எண்ணெய் விடறது, சாம்பிராணி புகை காட்டறது ரெண்டையும் கூடவே நிறுத்திடுங்க. கன்னம், முழங்கை மடிப்புல செவந்து அரிச்சா குழந்தையைக் காட்டுங்க, அது எக்ஸிமாங்கற தோல் அழற்சியா இருக்கலாம்.

"அப்பாவுக்கு 72 வயசு, சுகர் இருக்கு. கெண்டைக்கால் முன்பக்கம் வெடிச்சு ராத்திரி பூரா சொறியறார், குதிகாலும் பித்தவெடிப்பு." – சூரமங்கலம்

பனமரத்துப்பட்டி ஏரி காஞ்சு கெடக்கறப்ப அடியில பாளம் பாளமா வெடிச்சிருக்குமே, வயசானவங்க கால்ல அதே மாதிரி வர்றது உண்டு, வறட்சி முத்திப்போன எக்ஸிமா அது. காலுக்கு வாசலின் மாதிரி கெட்டியானது தினம் ரெண்டு வேளை, செவந்து நீர் கசிஞ்சா டாக்டரைப் பாக்கணும், கொஞ்ச நாளைக்கு மருந்து க்ரீம் தேவைப்படும். குதிகாலுக்கு யூரியா 10 சதவீதம் இல்ல அதுக்கு மேல இருக்கற க்ரீம் தடவி காட்டன் சாக்ஸ் போட்டு விடுங்க, ஆழமான வெடிப்புல மட்டும் யூரியா எரியும், அங்க வாசலின் போதும். சுகர் இருக்கறதால விரல் இடுக்குல எதுவும் தடவாதீங்க, பூஞ்சை புடிக்கும். பிளேடு வெச்சு தோலைச் சீவறதும் ஆகாது, உணர்ச்சி கம்மியா இருந்தா புண்ணானதே தெரியாது. இவ்ளோ செஞ்சும் உடம்பு பூரா அரிப்பு நிக்கலன்னா கிட்னி, லிவர், தைராய்டு டெஸ்ட் எடுக்கணும்.

"கொலுசுப் பட்டறை வேலை. ஆசிட், சோப்புத்தண்ணின்னு கை எல்லாம் கிழியுது." – செவ்வாப்பேட்டை

வாசலின் தடவிட்டு ஆசிட்ல கை வைக்கலாம்னு நினைக்காதீங்க, அது காப்பாத்தாது. உள்ள மெல்லிசு காட்டன் கிளவுஸ், மேல ரப்பர் கிளவுஸ், பத்த வைக்கற இடத்துல மட்டும் கழட்டிடுங்க. வேலை முடிஞ்சதும் பச்சத் தண்ணியில கழுவி கெட்டியா க்ரீம். லீவு நாள்ல ஆறி வேலைக்குப் போனதும் திரும்ப வந்தா, காரணம் பட்டறையிலதான் இருக்கு.

"நாலு லிட்டர் தண்ணி குடிக்கறேன், உதடு இன்னும் உரியுது."

தாகத்துக்கு குடிங்க, போதும். உதட்டை நக்கறதை நிறுத்திட்டு வாசலின் போடுங்க.

"ஹாஸ்டல்ல இருந்து வந்த பையனுக்கு ராத்திரியில அரிப்பு, இப்ப எங்களுக்கும். பனி வறட்சியா?" – ஓமலூர்

வறட்சி ஒட்டாதுங்க, இது சிரங்காத்தான் இருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் சுத்தி பாருங்க. டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிட்டு, பெர்மெத்ரின் 5 சதவீதம் க்ரீமை வீட்ல எல்லாரும் ஒரே ராத்திரியில கழுத்துக்குக் கீழ முழுக்க தடவி காலையில குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. போர்வை, துணி எல்லாம் சுடுதண்ணியில துவைங்க, சுடுதண்ணி துணிக்கு மட்டும்.