எது எதோடு சேரும்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு நடத்துகிறோம். கூட்ட நோட்டீஸ், நாலு பக்கச் செய்திமடல், வருடத்துக்கு ஒரு சிறு மலர் என்று அச்சு வேலை ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். பெட்டி போடவும், படம் வைக்கவும், எழுத்துக்கு நிழல் கொடுக்கவும் தெரியும். ஆனாலும் நான் செய்யும் பக்கம் எதுவும் சரியாக அமைவதில்லை. என்ன குறை என்று சொல்லவும் தெரியவில்லை.

போன மாதம் நோட்டீஸை வாங்கிய ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே "கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நேரத்தைப் பெரிய எழுத்தில்தான் போட்டிருந்தேன். அந்த நோட்டீஸை இணைத்திருக்கிறேன்.

வடிவமைப்பின் அடிப்படைகளை எங்கிருந்து தொடங்குவது? அதற்கென்று எங்காவது சேர்ந்து படிக்க வேண்டுமா? எனக்கு வரையவே வராது. இது வருமா?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் நோட்டீஸை பிரின்ட் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். திரையில் மட்டும் பார்த்திருந்தால் பாதியைக் கவனித்திருக்க மாட்டேன்.

மணி கேட்ட அந்த மனிதரிடமிருந்தே தொடங்கலாம். தேதி வலது மேல்மூலையில் இருக்கிறது. நேரம் பேச்சாளரின் படத்துக்குக் கீழே இருக்கிறது. இடம் அடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. நடுவில் தலைப்பு, வரவேற்பு வரி, குழுவின் பெயர். வருகிறவருக்குத் தேதி, நேரம், இடம் மூன்றும் ஒரே சேதி, "எப்போது, எங்கே" என்ற ஒரே கேள்விக்கான பதில். நீங்கள் அதை மூன்று துண்டாக்கி மூன்று மூலைக்கு அனுப்பிவிட்டீர்கள். நேரத்தின் பக்கத்தில் படம் இருப்பதால் கண் அதைப் படத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. எழுத்தை இன்னும் பெரிதாக்கினாலும் அவர் கேட்டிருப்பார்.

பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்று என்று கண் எடுத்துக்கொள்ளும், தள்ளி இருப்பவை வேறு என்று எடுத்துக்கொள்ளும். எது எதோடு சேரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வடிவமைப்பில் எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த ஒரு வேலையிலிருந்துதான் கிளைக்கிறது. இதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கட்டுரையைப் பத்தி பிரிக்கத் தெரிந்த யாருக்கும் இது வரும். நீங்கள் வாசிப்புக் குழு நடத்துகிறவர், உங்களுக்கு நிச்சயம் வரும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அந்த நோட்டீஸை ஒரு பிரதி எடுத்துக் கத்தரிக்கோலால் வரி வரியாக வெட்டுங்கள். எண்ணிப் பார்த்தேன், 14 துண்டு வரும். அதை வெறும் தரையில் போட்டு, சேர வேண்டியவற்றைச் சேர்த்துக் குவியல் ஆக்குங்கள். என்ன கூட்டம், எப்போது எங்கே, யார் பேசுகிறார், யாரைத் தொடர்புகொள்வது என்று நாலே குவியல்தான் வரும். வரவேற்பு வரி எதிலும் சேராமல் தனியே நிற்கும். அது தேவையா என்று அப்போது யோசியுங்கள். எனக்குத் தேவையென்று தோன்றவில்லை. பிறகு ஒரு வெள்ளை ஏ4 தாளில் அந்த நாலு குவியலையும் வைத்துப் பாருங்கள். ஒரு குவியலுக்குள் வரிகள் நெருக்கமாக, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். ஒரு குவியலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து மில்லிமீட்டராவது விடுங்கள். இப்போது பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் போட்ட மூன்று பெட்டியும் பிரித்துக் காட்டத்தான் போட்டவை. அதை வெற்றிடமே செய்துவிடும். தாளில் காலி இடம் கிடந்தால் வீணாகிறது என்று நினைத்து எதையாவது கொண்டுவந்து நிரப்பாதீர்கள். சேதியைப் பிரித்துக் காட்டுவது அந்தக் காலி இடம்தான்.

அடுத்து, மூலையில் உள்ள தேதி தவிர எல்லா வரியும் நடுவில் நிற்கிறது. ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் வைப்போம், பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் நடுவில் வைத்தால் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும், கண் ஒவ்வொரு முறையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் இடது பக்கம் ஒரே கோட்டில் நிறுத்திப் பாருங்கள். கோடு எதுவும் போடாமலே தாளில் ஒரு கோடு தெரியும். படத்தின் இடது ஓரமும் அதே கோட்டில் வரட்டும். இரண்டு மில்லிமீட்டர் விலகினால் யாருக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். விலகியிருக்கிறது என்று வாசகர் சொல்ல மாட்டார். ஆனால் "என்னவோ சரியில்லை" என்று உணர்வார். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

பெரிது, சிறிது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் கிடைக்கும் பாடங்களில் இது நமக்கு உதவாமல் போகும் இடம். அவர்களிடம் ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட முழுவதும் கேப்பிடல் எழுத்தில் போடலாம், சாய்வெழுத்தில் போடலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை கிடையாது. சாய்வெழுத்து நம் மரபில் வந்ததும் அல்ல. மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டும். சுழிகள் கோணலாகிப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆக நம்மிடம் இருப்பவை அளவு, தடிமன், நிறம், இடைவெளி. இந்த நாலை வைத்துத்தான் எது முக்கியம், எது அடுத்தது என்று சொல்லியாக வேண்டும். அதனால் வித்தியாசத்தைத் துணிந்து காட்டுங்கள். தலைப்பு 14 பாயிண்ட், நேரம் தவிர மற்றவை 12 பாயிண்ட் என்று வைத்திருக்கிறீர்கள். கை தவறி மாறிப்போன அளவு போலத்தான் தெரிகிறது. தலைப்பை 30-க்கு ஏற்றிவிட்டு மற்றதை 12-லேயே விடுங்கள்.

நேரத்தை நீங்கள் 20-இல் போல்டாகப் போட்டிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் பேச்சாளர் பெயரும் போல்டு, குழுவின் பெயரும் போல்டு, "அனைவரும் வருக" என்பதும் போல்டு. எல்லாம் சேர்ந்து உரக்கக் கூப்பிட்டால் ஒருவர் குரலும் காதில் விழாது. அப்புறம் தமிழ் எழுத்தில் சுழி அதிகம். சிறிய அளவில் தடித்த எழுத்து போட்டால் 'ணை', 'ஞ', 'இ' இவற்றின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். உங்கள் தாளில் அடிவரியில் இருக்கும் 'இணைப்பு' என்ற சொல்லை உற்றுப் பாருங்கள், மை கொட்டினது போல இருக்கும்.

எழுத்துரு ஐந்து இருக்கிறது. இரண்டு போதும்: தலைப்புக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ஒன்றே போதும்.

செய்திமடலுக்கு வரி இடைவெளி முக்கியம். மென்பொருள் வழக்கமாகத் தானே வைத்துக்கொள்வது எழுத்தளவில் 120 சதவீதம், அதாவது 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட். அது ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும். தமிழில் 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'மு'வும் 'ழு'வும் கீழே இறங்கும். 12-இல் வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் இடிக்கும். 14 வைத்துப் பாருங்கள், சில எழுத்துருவுக்கு 15 கூட வேண்டியிருக்கும். அகலம் குறைந்த பத்தியில் இரண்டு ஓரத்தையும் சமப்படுத்தாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் மூன்று சொல் மட்டும் நின்று, நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். செய்திமடலில் தலைப்பு, துணைத்தலைப்பு, உடல் எழுத்து (கட்டுரையின் மற்ற வரிகள்) மூன்றுக்கும் ஸ்டைல், அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாம் சேர்ந்த அமைப்பு, ஒருமுறை அமைத்துவிட்டு அதையே எல்லா இதழிலும் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் புதிதாக ஏதாவது செய்ய ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மென்பொருள் கற்றும் பக்கம் அமையவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அது உங்கள் குறை இல்லை. 1985-இல் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளும் ஆப்பிளின் லேசர்ரைட்டர் என்ற அச்சுப்பொறியும் வந்தன. அதற்கு முன் எழுத்துக் கோப்பவர் ஒருவர், அளவு குறித்துக் கொடுப்பவர் ஒருவர், வெட்டி ஒட்டிப் பக்கம் கட்டுபவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருந்தது. ஒவ்வொருவரும் தன் வேலையை ஆண்டுக்கணக்கில் ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று கற்றவர். அந்த வேலைகள் எல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. அவர்களுடைய பழக்கம் மட்டும் மென்பொருளோடு வரவில்லை. அதைத்தான் நீங்கள் இப்போது தேடுகிறீர்கள்.

அச்சு சார்ந்து சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பேச்சாளர் படம் 480 பிக்சல் அகலம்தான் இருக்கிறது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கு வைத்தால் அது நாலு சென்டிமீட்டர் அகலத்துக்குமேல் தாங்காது. நீங்கள் பத்து சென்டிமீட்டருக்கு இழுத்திருக்கிறீர்கள், முகம் பிசிறடிக்கிறது. உயரத்தை விட்டு அகலத்தை மட்டும் இழுத்ததில் அவர் முகமே மாறிவிட்டது, இதை உடனே சரிசெய்யுங்கள். தாளின் விளிம்புவரை நிறம் போக வேண்டுமானால் வெட்டுக்கோட்டைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டி விடுங்கள். வெட்டும்போது சற்று விலகினாலும் வெள்ளைக் கீற்று தெரியாது.

கறுப்பு விஷயத்தில் நானே அடிபட்டிருக்கிறேன். முதன்முதலில் அச்சுக்குக் கொடுத்த சிறு நூலில், எழுத்தின் கறுப்பு எந்த மையில் விழப்போகிறது என்று நான் பார்க்கவே இல்லை. முன்னுரை முழுவதும் வண்ண அச்சின் நாலு மையும் (சியான் நீலம், மஜெந்தா சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பில் போய்விட்டது. நாலும் தனித்தனியாகத் தாளில் விழுபவை, மயிரிழை விலகினாலும் போச்சு. ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் சிவப்பும் நீலமும் கசிந்தது போல ஒரு நிழல். என்னை நம்பி எழுதிக் கொடுத்தவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். இன்றும் எந்த ஃபைலை அனுப்புவதற்கு முன்னும் உடல் எழுத்தில் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் 0 என்று இருக்கிறதா எனத் திறந்து பார்க்கிறேன்.

மலருக்கு டம்மி கட்டாமல் தொடங்காதீர்கள். வெறும் தாள்களை மடித்து, பக்க எண் எழுதி, எது எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொள்வதுதான் டம்மி. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்கில்தான் வரும். 18 பக்கத்துக்கு விஷயம் சேர்ந்திருந்தால் இரண்டைக் குறைக்க வேண்டும் அல்லது இரண்டைக் கூட்ட வேண்டும். இது அச்சுக்குப் போகிற அன்று தெரியவந்தால் பாவம், யாருடைய கட்டுரையோ வெட்டுப்படும்.

சேர்ந்து படிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். முடிந்தால் படியுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தை எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்: ஓரம் எத்தனை மில்லிமீட்டர், பத்தி எவ்வளவு அகலம், தலைப்புக்கு மேலே எவ்வளவு இடம், கீழே எவ்வளவு. தலைப்புக்கு மேலே இருக்கும் இடம் கீழே இருப்பதைவிட அதிகமாக இருக்கும். அந்தத் தலைப்பு தனக்குக் கீழே உள்ள பத்தியைச் சேர்ந்தது, அதனால்தான். பிறகு அதே அளவில் உங்கள் மென்பொருளில் அந்தப் பக்கத்தைக் கட்டிப் பாருங்கள். இப்படி நாலைந்து பக்கம் செய்தாலே கை பழகிவிடும். ஒவ்வொன்றையும் முழு அளவில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எழுத்து மங்கி வெறும் திட்டுகள் மட்டும் தெரியும். எந்தத் திட்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதுதான் உங்கள் பக்கம் சொல்லும் முதல் சேதி.

நோட்டீஸைத் திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள். பழையதையும் சேர்த்தே அனுப்புங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.