ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனால் விடியற்காலையில் நெஞ்சு இறுக்குகிறது

கேள்வி: வயது 44. பல வருட ஆஸ்துமா. ஈஜிபிஏ (பழைய பெயர் சர்க்-ஸ்ட்ராஸ்) என்ற ரத்தக்குழாய் அழற்சி நோய்க்கு ஸ்டீராய்டு எடுக்கிறேன். அளவைக் குறைத்த பிறகு விடியற்காலையில் நெஞ்சு இறுக்கிப் பிடித்து, பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஆஞ்சியோகிராமில் அடைப்பே இல்லை. கேஸ் தொல்லைதானா?

பதில்: கேஸ் என்று விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய் திடீரென்று சுருங்கி, கொஞ்ச நேரத்தில் தானாகவே விரிந்துவிடுவது உண்டு. நடக்கும்போது வராமல், படுத்திருக்கும்போது, அதுவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வருவதுதான் அதன் வழக்கம். குழாய் விரிந்திருக்கும் நேரத்தில் ஆஞ்சியோ எடுத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இசிஜியும் அப்படித்தான், வலி இருக்கும்போதே எடுத்தால்தான் மாற்றம் பிடிபடும்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது ஸ்டீராய்டைக் குறைத்த பிறகு இது ஆரம்பித்திருப்பதுதான். ஈஜிபிஏ இதயத்தைத் தொடக்கூடிய நோய். ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வெளியிடும் பொருட்கள் குழாய்ச் சுவரை எரிச்சலூட்டிச் சுருங்க வைக்கலாம், இதயத் தசையிலும் அழற்சி வரலாம். குழாயை விரிக்கும் மருந்துகளுக்கு அடங்காத சுருக்கம், ஸ்டீராய்டு கொடுத்த பிறகு அடங்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அதனால் இதய மருத்துவரை மட்டும் பார்த்தால் போதாது, ஈஜிபிஏவுக்குப் பார்க்கும் மருத்துவரும் அவரும் பேசிக்கொள்ள வேண்டும். ஈசினோஃபில் எண்ணிக்கை, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எக்கோ (இதய ஸ்கேன்), ஹோல்டர் (நாள் முழுக்கப் பதிவாகும் இசிஜி), தேவைப்பட்டால் இதய எம்ஆர்ஐ இதெல்லாம் இந்த வாரமே நடக்கட்டும். ஸ்டீராய்டு அளவை மட்டும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

சுருக்கம்தான் என்று உறுதியானால் குழாயை விரிக்கும் டில்டியாசெம், அம்லோடிபின் போன்ற மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். நெஞ்சுவலி என்றதும் சில நேரம் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எழுதிவிடுவார்கள், உங்களுக்கு அது இரண்டு வழியில் ஆபத்து: ஆஸ்துமாவைக் கிளப்பும், சுருக்கத்தையும் அதிகமாக்கலாம். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமாவையும் இந்தச் சுருக்கத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டு மூச்சு இளைத்தது உண்டா, அதையும் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலிக்கான ட்ரிப்டான், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரை இரண்டும் வேண்டாம். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், இந்தச் சுருக்கத்தை அவ்வளவு தூண்டுகிற பொருள் அது.

அப்புறம், நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்தால் உட்கார்ந்தபடி வையுங்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் வைக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது வியர்த்துக் கொட்டுகிறது, படபடப்போ மயக்கமோ வருகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள்.