ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆர்பிஜி ப்ரோகிராமை ஃப்ரீ ஃபார்மட்டுக்கு மாற்ற வேண்டுமா?

ஆர்பிஜி என்பது ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கம்ப்யூட்டர்களில் ஓடும் ப்ரோகிராமிங் மொழி; பழைய வடிவில் ஒவ்வொன்றையும் வரியில் அதற்கான இடத்தில்தான் எழுத வேண்டும், ஃப்ரீ ஃபார்மட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மேனேஜர் மாற்றச் சொல்கிறார், சீனியர் கை வைக்காதே என்கிறார், நடுவில் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றுங்கள். ஆனால் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள்.

சென்னையில் இருந்தபடி பதினாறு வருடமாக ஏஎஸ்/400 பார்க்கிறேன். ஓர் அமெரிக்க வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் ப்ரோகிராம், ஆர்பிஜி 3இல் எழுதியது. ஃபீல்ட் பெயருக்கு ஆறு எழுத்துதான், எங்கு பார்த்தாலும் இண்டிகேட்டர் (எண்ணை மட்டுமே பெயராகக் கொண்ட ஆன்/ஆஃப் சுவிட்ச்), 42 எதற்கு ஆன் ஆகிறது என்று தேடியே அரை நாள் போகும். முதலில் கன்வர்ஷன் கமாண்ட் போட்டு ஆர்பிஜி 4 ஆக்கினேன், அது லாஜிக்கைத் தொடாது. அப்புறம் சி வரிகளை, அதாவது கணக்கு வரிகளை, நானே உட்கார்ந்து ஃப்ரீ ஃபார்மட்டில் எழுதினேன். ஒரு ஃபீல்டின் மதிப்பை இன்னொன்றுக்கு வலமிருந்தும் இடமிருந்தும் நகலெடுக்கும் மூவ், மூவ்எல் கட்டளைகள் இரண்டும் அதில் கிடையாது என்பதால் மூவ்எல் இருந்த இடத்தில் எல்லாம் சமக்குறி போட்டுக்கொண்டே போனேன்.

பத்து எழுத்து ஃபீல்ட் ஒன்று, முதல் மூன்று எழுத்து கிளைக் குறியீடு, மீதி ஏழு பில் எண். மூன்றெழுத்துக் கிளைக் குறியீட்டை மூவ்எல் செய்தால் இடது பக்க மூன்று மட்டும் மாறும், பில் எண் அப்படியே இருக்கும். சமக்குறியோ மீதி ஏழையும் வெற்றிடமாக்கிவிடும். கம்பைல் ஆனது, டெஸ்டும் பாஸ் ஆனது, ஏனென்றால் டெஸ்ட் டேட்டாவில் கிளை மாறிய பில் ஒன்றுகூட இல்லை. மாதக் கடைசி ராத்திரி பில் எண்ணே இல்லாத இன்வாய்ஸ்கள் வரிசையாக வந்தன. விடிய விடிய ஜர்னலில் (ஃபைலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பதிவேடு) மாற்றத்துக்கு முந்தைய ரெக்கார்டுகளை எடுத்துத்தான் சரிசெய்தோம்.

டெஸ்ட் செய்யாதது உன் தப்பு என்று கமெண்டில் சொல்ல வருபவர்களுக்கு: ஆமாம், என் தப்புதான். அதற்காகப் பழைய கோட் நல்லது என்று ஆகிவிடாது. அந்த ஃபீல்டை டேட்டா ஸ்ட்ரக்சரில் கிளை, பில் எண் என்று இரண்டாகப் பிரித்து, ஒழுங்கான பெயர் வைத்து மறுபடி எழுதினேன். போன வருடம் அதே ப்ரோகிராமில் ஒரு வரி மாற்றத்தை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன பெண் யாரையும் கேட்காமல் முடித்தார். பழைய வடிவில் என்னாலேயே அது அவ்வளவு சீக்கிரம் முடியாது.

கணக்கு வரிகளுக்கு ஃப்ரீ ஃபார்மட் வந்தது 2001இல், ஃபைல்களை அறிவிக்கும் எஃப் வரிகளுக்கும் ஃபீல்டுகளை அறிவிக்கும் டி வரிகளுக்கும் 2013இல். எங்கள் ஆபீசில் பாதிப் பேர் இன்னும் எஸ்இயூ என்ற பழைய எடிட்டரில்தான் எழுதுகிறோம், அதன் சின்டாக்ஸ் செக் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 6.1 பதிப்போடு நின்றுவிட்டதால் சரியான வரியைக்கூடத் தப்பென்று காட்டும். ஐபிஎம்மின் புது எடிட்டரான ஆர்டிஐக்கு லைசென்ஸ் மூன்று வருடமாகக் கேட்கிறேன், கிடைக்கவில்லை. அப்ரைசலில் மட்டும் "புது டெக்னாலஜி கற்றுக்கொள்ளவில்லை" என்று எழுதுகிறார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, நீங்கள் தொடங்கும்போது முதலில் மூவ், மூவ்எல் உள்ள வரிகளை எல்லாம் தேடி எடுத்து, இரண்டு பக்க ஃபீல்டுகளின் நீளத்தையும் எழுதிவையுங்கள். நீளம் வேறாக இருந்து, மீதி இடத்தை நிரப்பச் சொல்லும் பி எக்ஸ்டெண்டரும் (கட்டளையின் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் எழுத்து) இல்லையென்றால் அங்கே நின்று யோசியுங்கள். கூட்டும் கட்டளையான ஆட்டையும் பாருங்கள்: ரிசல்ட் ஃபீல்டில் தொகை கொள்ளாவிட்டால் அது முன் இலக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் போக வாய்ப்புண்டு, ஃப்ரீ ஃபார்மட்டில் அதே வரி எரர் கொடுத்து ப்ரோகிராமையே நிறுத்தும்.