வேம்பைச் சுற்றி கான்கிரீட்: வெட்டுறதுக்கு முன்னாடி

வணக்கங்க. நடைபாதை வேலையில உங்க வாசல் வேம்புக்கு அடிமரம் வரைக்கும் கான்கிரீட் போட்டுட்டாங்க, இப்ப நுனிக்கிளை காயுது, வெட்டிடலாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. காய்ஞ்ச குச்சிக்குக் கொஞ்சம் கீழே பட்டையை நகத்தால சுரண்டுங்க. பச்சை தெரிஞ்சா உயிர் இருக்கு.

தெருவுல மத்த வேம்பும் இதே மாதிரி கருகியிருக்கான்னு பாருங்க. இருந்தா அது நுனிக்கருகல் நோயா இருக்கலாம். பெரும்பாலும் தானே துளிர்த்துடும். உங்க மரம் மட்டும்னா கான்கிரீட் மேலதான் என் சந்தேகம். உறிஞ்சு வேர்ல பெரும்பகுதி மேல்மண்ணுலயே, ஒண்ணு ரெண்டு அடிக்குள்ள இருக்கும். அதுக்குத் தண்ணி மாதிரியே காத்தும் வேணும்.

கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதிக் கொடுங்க. சென்னைன்னா 1913-ங்கிற புகார் நம்பருக்கும் போன் பண்ணலாம். டெல்லியில மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கிற கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லயே உத்தரவு போட்டதையும் மனுவுல சேருங்க.

உடைக்க வர்றவங்க பிரேக்கர் மெஷினோட நிப்பாங்க. விடாதீங்க! எங்க தெரு புங்கமரத்துல அப்படித்தான் கை அளவு தடிமனான வேர் ரெண்டு போச்சு. உளியும் சுத்தியலும் போதும், பொறுமையா ஓரத்துலேர்ந்து பேர்க்கணும். அப்புறம் மட்கின உரமும் சருகும் போடுங்க, ஆனா அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீங்க, பட்டை அழுகும். தண்ணியும் அடிமரத்துல ஊத்தாம தள்ளி, மெதுவா விடுங்க. முடிஞ்சா ஒரு போட்டோ போடுங்க, பார்த்துச் சொல்றேன்.