வேலை கற்றவர்களை வாடிக்கையாளரே எடுத்துக்கொண்டால்?

கேள்வி: கோயம்புத்தூரில் 14 மெக்கானிக்குகளுடன் ஏசி பராமரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்த ஒரு நூற்பாலை, அங்கே நான் வழக்கமாக அனுப்பிவந்த இருவரை நேரடியாக வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, ஒப்பந்தத்தையும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. மற்றவர்களும் போய்விடாதிருக்க, விலகினால் மூன்றாண்டுகள் இதே தொழிலில் இருக்கக் கூடாது என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, ஐ.டி.ஐ. சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. தன் தொழிலை அதன் நற்பெயரோடு (goodwill) விற்றவர்மீது விதிக்கும் தடைக்கு மட்டுமே அதில் விலக்கு. உங்களிடம் வேலையில் இருக்கும்போதே மெக்கானிக் வெளியே தனியாக வேலை பிடிக்கக் கூடாது என்று விதிக்கலாம். பணிக்காலத்துக்குள்ளான அத்தகைய தடையை உச்ச நீதிமன்றம் 1967இலேயே கோலிகாரி வழக்கில் ஏற்றது. விலகியபின் அவர் வயிற்றுப்பிழைப்பை மறிக்க இயலாது. சான்றிதழைப் பூட்டி வைப்பதோ, நாளை உங்கள்மீதே புகார் எழ வழி செய்யும்.

மெக்கானிக்கிடம் கேட்கும் கையெழுத்தை வாடிக்கையாளரிடம் கேளுங்கள். பெக்மன் கோல்ட்டர் நிறுவனத்துக்கும் அதன் கருவிகளை விற்றுவந்த விப்ரோவுக்கும் இடையே, ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அது ஊழியர் தாமாக வேலை தேடுவதைத் தடுக்கவில்லை, கையெழுத்திட்ட நிறுவனத்தையே கட்டுப்படுத்துகிறது என்பதால் பிரிவு 27க்கு முரணன்று என்று தில்லி உயர் நீதிமன்றம் 2006இல் கூறியது. ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்தில், ஒப்பந்தக் காலத்திலும் முடிந்த ஓராண்டு வரையிலும் உங்கள் ஆட்களை அழைத்துச் சேர்த்துக்கொள்ளலாகாது, மீறினால் இன்ன தொகை தர வேண்டும் என்று எழுதுங்கள். மிரட்டுவதற்காகப் பெருந்தொகை போடாதீர்கள். பிரிவு 74இன்படி, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடே கிடைக்கும். புதியவரைத் தேடிப் பழக்க ஆகும் சில மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டு எழுதினால் அத்தொகை நிற்கும். பழைய ஒப்பந்தத்தில் இந்த வரி இல்லையென்றால், போன இருவர் விஷயத்தில் வழக்கறிஞருக்குச் செலவழிப்பது வீண் என்பதே என் எண்ணம்.

பயிற்சிக்குச் செலவழித்ததை ஈடுசெய்யும் குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனை வேறு. மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்திருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் செல்லும் என்றது. ஆனால் மூத்த மெக்கானிக்குடன் ஆறு நாள் அனுப்பி வேலை காட்டியதைப் பயிற்சி என்று பில் போட முடியாது.

அடுத்த முறை வாடிக்கையாளர் இடத்துக்கு நீங்களே போய், ஏசியின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதியிருப்பது யாருடைய செல்பேசி எண் என்று பாருங்கள். மெக்கானிக்கின் எண்ணாக இருந்தால், கம்ப்ரசர் மாற்றிய தேதியும் காஸ் நிரப்பிய கணக்கும் அவர் நோட்டுப்புத்தகத்தில்தான் இருக்கும். அவர் போனால் எல்லாம் சேர்ந்தே போகும். அலுவலக எண் ஒட்டிய அட்டையை ஒவ்வோர் இயந்திரத்திலும் தொங்கவிட்டு, வருகைப் பதிவின் நகலை அலுவலகத்தில் வையுங்கள். பெரிய இடங்களுக்கு ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புங்கள். பெட்ரோல் காசை மாதக் கடைசி வரை நிலுவையில் வைக்கும் வழக்கம் இருந்தால், முத்திரைத்தாள் வாங்கும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.